காலண்டரை விட்டுப் போன குரல்

6-10, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து சேர்ந்தன, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோடு ஆட்டோவில். தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. அதைப் பெட்டிகளுக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டே வந்தேன்.

டிரைவர்: "அண்ணாச்சி, பொட்டி நனஞ்சா காயும். நீங்க நனஞ்சா காய்ச்சல்ல வரும்."

பிளைவுட் நனைந்தால் காயாது, உப்பும். அவனிடம் விளக்கத் தெம்பில்லை.

தச்சர் மாடசாமி நன்றாகத்தான் செய்திருக்கிறார். மூலைகள் கச்சிதம். விளிம்பில் கை ஓட்டினால் சிராய் இல்லை. ஆனால் வலது பெட்டியில் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) பொருத்தும் துளை ஒரு நூல் பெரிதோ என்று சந்தேகம். அளந்தேன், சரியாக இருந்தது. மறுபடி அளந்தேன், அப்போதும் சரி. சந்தேகம் மட்டும் போகவில்லை.

நாளைக்கு: வயரிங். உள்ளே திணிக்கப் பஞ்சு. ஸ்க்ரூ. செல்விக்கு பாபின்.

செல்வி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தாள். "பீரோ கணக்கா பெருசா இருக்கும்னு பயந்துகிட்டு இருந்தேன். ஸ்டூல் ஒசரந்தான். பரவால்ல." கல்யாணமான நாளிலிருந்து என் ஸ்பீக்கர் வேலைக்கு அவளிடமிருந்து கிடைத்த பெரிய பாராட்டு இதுதான்.

தொண்டை கரகரப்பு.

8-10, புதன்

மழை விட்டது. வெக்கை.

மில்லுக்குப் போய்க் கழிவுப் பஞ்சு ஒரு மூட்டை. ரிட்டயர் ஆனபிறகு இன்றுதான் உள்ளே போகிறேன். வாட்ச்மேன் புது ஆள், பெயர் கேட்டு எழுதிக்கொண்டான். எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்த இடத்தில் பார்வையாளர். ஸ்பின்னிங் ஹாலில் அதே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்த மிஷினில் பேரிங் போகிறது என்று அந்தக் காலத்தில் கை காட்டுவேன். போய்ப் பார்த்தால் அந்த மிஷினாகத்தான் இருக்கும். இன்றும் நின்றேன். கதவுப் பக்கம் கடைசி வரிசையில் ஒன்று. சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

மாலையில் எல்லாம் பூட்டியாயிற்று. முதல் சத்தம்.

வைத்தது ஒரு அம்மாள் தனியாகப் பாடிய பழைய சினிமாப் பாட்டு. ஸ்டீரியோ வராத காலத்துப் பதிவு, இரண்டு ஸ்பீக்கரிலும் அச்சாக ஒரே சத்தம்தான் வரும். இரண்டு பெட்டியும் ஒன்றுபோல் இருந்தால் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவில், ஒன்றுமே இல்லாத சுவரில் போய் நிற்கும். ஒரு பெட்டி கொஞ்சம் மட்டம் என்றாலும் குரல் மற்றதன் பக்கம் சாய்ந்துவிடும். கையால் செய்கிறவனுக்கு இதுதான் பரீட்சை.

நின்றது. இடது பெட்டி ஜன்னல் பக்கம், வலது பெட்டி பீரோ பக்கம், நடுவில் நகைக்கடைக் காலண்டர், அதில் முருகன். அந்த அம்மாள் முருகனுக்குப் பின்னால் நின்று பாடினார். மூச்சு இழுப்பது கூட அங்கிருந்துதான்.

செல்வியை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். பாட்டு எங்கிருந்து வருகிறது? கையை நேரே காலண்டருக்கு நீட்டினாள். கண்ணைத் திறந்தவள், "பொட்டியில இருந்து வரலியா?" எழுந்து போய் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்தாள். "இதுலயும் வருது, அதுலயும் வருது. பொறவு எப்படி அங்க நிக்கா?"

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்பமாட்டேன்.

10-10, வெள்ளி

வெயில். எழுந்ததும் வலது காது அடைப்பு, கிணற்றில் முங்கி எழுந்த மாதிரி. உள்ளே ஓர் இரைச்சல் வேறு. கட்டிலை விட்டு இறங்கும்போது தலை லேசாகச் சுற்றியது. சளி. நனைந்ததற்கு வட்டி.

ஆவி பிடித்தேன், மிளகுக் கஷாயம். அடைப்பு அப்படியே.

மாலையில் அதே பாட்டு. குரல் ஜன்னல் பக்கம் போய்விட்டது. காலண்டரில் யாரும் இல்லை. சளிக் காதோடு கேட்டால் அப்படித்தான் இருக்கும். எதையும் தொடவில்லை.

பவித்ரா கோவையிலிருந்து போன். தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வருகிறாள். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. "ஃபோன மாத்துங்கப்பா." போனின் துளைகளை ஊசியால் குத்தித் தூசி எடுத்தேன்.

12-10, ஞாயிறு

சளி போய்விட்டது. மூக்கு சுத்தம், தொண்டை சுத்தம். காது அடைப்பு குறைந்திருக்கிறது. குறைந்ததா, பழகிவிட்டதா? குறைந்திருக்கிறது. இரைச்சல் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்தவன் காதில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

குரல் இன்னும் ஜன்னலில்தான். சளி போனபிறகும் என்றால் வலது பெட்டியில்தான் கோளாறு.

செல்வி: "டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?"

சளிதான் போய்விட்டதே.

"காதுக்கு."

தளவாய்புரத்து வியாபாரி நைட்டி கேட்டு நெருக்குகிறார், நீ தீபாவளி ஆர்டரைப் பார் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் மிஷினுக்குப் போய்விட்டாள்.

வலது பெட்டி, சந்தேகங்கள்:
சால்டர் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை
கெப்பாசிட்டர் மட்டம்
பஞ்சு அதிகம்
வூஃபர் துளை (முதல் நாளே நினைத்தேன்)

சால்டர் எல்லாவற்றையும் உருக்கி மறுபடி வைத்தேன். கெப்பாசிட்டர் மாற்றினேன். பஞ்சில் பாதியை வெளியே எடுத்தேன். மூடி, ஸ்க்ரூ போட்டு, பாட்டு வைத்து உட்கார்ந்தேன்.

ஜன்னல்.

14-10, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. ராஜா அண்ணன் வந்தார். என் ஆம்ப்ளிஃபயர் அவர் கட்டியது. பழையபாளையம் பக்கம் வீடு. இந்த ஊரில் ஸ்பீக்கர் பைத்தியம் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். எனக்கு இருப்பது ஆரம்பநிலை, அவருக்கு முற்றிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"பாக உந்தி தம்பி. நட்டநடுவுல நிக்குது." நல்லாருக்கு என்பது அவருக்குத் தெலுங்கில்தான் வரும்.

"ஜன்னல் பக்கம் சாயலியாண்ணே?"

"எந்த ஜன்னலு?"

காபி கொண்டுவந்த செல்வியும் சேர்ந்துகொண்டாள். "எனக்கும் காலண்டர்லதான் கேக்குது. அன்னைக்கு மாரிதான் இருக்கு."

அண்ணனுக்கு எழுபதுக்கு மேல். காது போயிருக்கும், பாவம், சொல்ல மனம் வரவில்லை. செல்வி நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவள். இந்த வீட்டில் ஒழுங்காகக் கேட்கிற காது என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் போகும்போது ஒரு செய்தி. மதுரையில் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் இரண்டு பேர், அவருக்குப் பழக்கம். நவம்பர் முதல் ஞாயிறு என் பெட்டியைக் கேட்க வருகிறார்களாம். "அவிய லேசுல எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாக. நான் சொல்லியிருக்கேன், வந்து கேட்டுப் பாருங்கன்னு." அதற்குள் வலது பெட்டியைச் சரி செய்தாக வேண்டும்.

மாலையில் செல்வி தையல் மிஷினைப் பீரோ பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். வெளிச்சம் பத்தவில்லையாம். இத்தனை வருடம் பத்தியது.

16-10, வியாழன்

புழுக்கம். அளவெடுக்கும் மைக்கை நான் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்தேன். முதலில் இடது பெட்டி மட்டும், பிறகு வலது மட்டும். லேப்டாப்பில் பெட்டிக்கு ஒரு கோடு வரும். கோடு எங்கே கீழே இறங்குகிறதோ அங்கே சத்தம் குறைவு என்று அர்த்தம்.

இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. எது இடது எது வலது என்று நிறத்தை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. கடையில் விற்கிற ஜோடி கூட இவ்வளவு பொருந்தாது. வேறொரு நாளாக இருந்தால் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

மைக்கில் கோளாறு. மட்டமான மைக்.

17-10, வெள்ளி

காலையில் வெயில், மதியம் இருட்டிக்கொண்டு வந்தது. பைக்கில் ஸ்ரீவி. மாடசாமி பட்டறை.

வலது பெட்டிக்கு வேறு பலகை போட்டீர்களா என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"ரெண்டும் ஒரே ஷீட்ல அறுத்தது அண்ணாச்சி. ஒரு தாய் வயித்துப் புள்ளய. வேணும்னா பொட்டிய கொண்டாங்க, பிரிச்சிக் காட்டுதேன்."

மூட்டில் காற்று கசிகிறதோ என்றேன். ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு நெடுகக் காட்டுங்கள், கசிந்தால் புகை ஆடும் என்றார். அந்தச் சோதனையைப் போன வருடம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்க இறங்கினேன். மாடசாமி பின்னால் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். மூக்குக்கு முன்னால் பஸ் போனது.

"அம்புட்டு ஹாரன் அடிக்கான். நீங்க அங்கிட்டு பாத்துகிட்டு நிக்கிய?"

ஹாரன் எனக்கும் கேட்டது. இடது பக்கம் கேட்டது. அதனால் இடது பக்கம் பார்த்தேன். பஸ் வந்தது வலது பக்கம்.

பட்டறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்குப் பால்கோவா வாங்கினேன், எதற்கென்று தெரியவில்லை. செல்வியிடம் பஸ் விஷயம் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது.

18-10, சனி

ஊதுபத்தி. மூட்டு மூட்டாகக் காட்டினேன். புகை நேராக மேலே போனது. எங்கேயும் ஆடவில்லை. வீடு முழுக்க ஜவ்வாது வாசம். "இன்னைக்கு என்ன விசேசம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம்.

20-10, தீபாவளி

விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளியல். செல்வி வலது காதில் எண்ணெய் விட வந்தாள், வேண்டாம் என்று தட்டிவிட்டேன்.

பவித்ராவும் மாப்பிள்ளையும் நேற்றே வந்தாயிற்று. கறி, இட்லி, அதிரசம். தெருவில் வெடி. நாலு பக்கமும் வெடிக்கிறார்கள், எனக்கு எல்லாம் ஜன்னல் பக்கத்து வெடி. பவித்ரா கூப்பிடுவது கேட்டுத் திரும்புகிறேன், அங்கே ஆள் இல்லை. "அப்பா, இந்தப் பக்கம் இருக்கேன்." இன்று முழுக்க இதே கூத்து. மாப்பிள்ளை நல்ல பையன், பார்க்காதது மாதிரி இருந்தார்.

அவருக்குப் பாட்டு வைத்தேன். ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "பேஸ் மட்டும் கொஞ்சம் பத்தல மாமா." காரில் டிக்கி அதிர வைத்துக் கேட்கிற ஆள். குரல் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். "நடுவுல மாமா. காலண்டர்ல." கேட்காமலே இருந்திருக்கலாம்.

அடுப்படியில் தாயும் மகளும்:

"நீ சொல்லேன்ம்மா."

"நான் சொன்னா கேக்க மாட்டாக. நீ சொல்லு."

"எனக்கும் பயமா இருக்கு."

இடது காதுப் பக்கம் அடுப்படி, அதனால் நன்றாகவே கேட்டது. என் காதைப் பற்றி என்னை வைத்துக்கொள்ளாமல் மாநாடு. மத்தியானம் பவித்ரா மெதுவாக ஆரம்பித்தாள். நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தாள். வெடிப் புகை என்றாள்.

23-10, வியாழன்

நல்ல மழை. பவித்ரா நேற்று ஊருக்குப் போய்விட்டாள்.

ரா. அண்ணன் போன். போனை இடது காதில் வைத்தால் சுத்தமாகக் கேட்கிறது. போனில் கோளாறு இல்லை.

"பொட்டி என்னாச்சு தம்பி? வயர மாத்திப் போட்டுப் பாத்தியா? இடது வயர வலதுல குடு, வலது வயர இடதுல குடு. கோளாறு வயருல, ஆம்புலன்னா கொரலு பீரோ பக்கம் தாவிரும். அதுக்கும் தாவலன்னா பொட்டியவே இடம் மாத்தி வையி. பீரோ பக்கத்துப் பொட்டிய ஜன்னலுக்குத் தூக்கு. அப்பவும் கொரலு ஜன்னல்லயே நின்னா, பொட்டியிலயும் ஒண்ணுமில்ல."

தெரியாதா எனக்கு. இந்த வேலை செய்கிற எவனும் முதலில் செய்கிற காரியம் அது. நான் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆம்புக்குப் பின்னால் நாலு வயர், பிறகு இரண்டு பெட்டியைத் தூக்கி வைக்கிற வேலை, அவ்வளவுதான்.

"பாத்துட்டேண்ணே. பொட்டிதான்."

அண்ணன்: "சரி தம்பி. பொட்டின்னா சரி பண்ணிறலாம்."

பொய். அவரிடம் இதுவரை சொன்னதில்லை. சால்டர், கெப்பாசிட்டர், பஞ்சு, மைக், மாடசாமி என்று எல்லாவற்றையும் எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று. பெட்டியை மட்டும் இடம் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும்.

27-10, திங்கள்

மழை இல்லை. செல்வி நைட்டிக் கட்டோடு தளவாய்புரம் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். தெருவில் வெங்காயக்காரர் போனபிறகு சத்தம் அடங்கியது.

வயரை மாற்றினேன். ஜன்னல்.

பெட்டிகளை இடம் மாற்றினேன். வலது பெட்டி இப்போது ஜன்னல் பக்கம், நான் குறை சொன்ன அதே பெட்டி. உட்கார்ந்தேன். குரல் ஜன்னலில். அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது, அவ்வளவு நன்றாக.

அப்போதும் மனம் ஆறவில்லை. அறையில் ஏதாவது இருக்கலாம், ஜன்னல் திரை, பீரோ. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி. இப்போது ஜன்னல் என் வலது கைப்பக்கம், பீரோ இடது கைப்பக்கம். குரல் பீரோவுக்குப் போய்விட்டது. மறுபடி திரும்பி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அம்மாள் என் இடது கைப்பக்கமாகவே சுற்றிவந்து நின்றார்.

வலது காதை விரலால் அடைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பெட்டியில் ஒன்றுமில்லை. எந்தப் பெட்டியிலும் ஒன்றுமில்லை.

செல்வி வந்தபோது நாற்காலி மறுபடி பெட்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தது. திருப்பிப் போட்டாள். "நாளைக்கு டாக்டர் லீவாம். நாளக்கழிச்சிப் போவம்" என்றாள். முன்னாலேயே விசாரித்து வைத்திருக்கிறாள்.

29-10, புதன்

ஸ்ரீவி. காது டாக்டர், சின்ன வயது அம்மா. கூட்டம்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு மாற்றியதும் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சோதனை செய்கிற பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். மிஷின் நிற்கவில்லை.

தாளில் இரண்டு கோடு. இடது காதின் கோடு வயதுக்கு ஏற்ற சரிவு. வலது காதின் கோடு தாளின் அடியில் கிடந்தது. டாக்டர் விளக்க ஆரம்பித்தார். வேண்டாம்மா, படிக்கத் தெரியும் என்றேன். பதினாறாம் தேதி என் பெட்டிகளின் கோடு ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தது ஞாபகம் வந்தது.

"எப்ப ஆரம்பிச்சது, ஞாபகம் இருக்கா?"

"பத்தாம் தேதி. காலையில எந்திரிக்கும்போது."

"இவ்வளவு கரெக்டா சொல்றீங்க. ஏன் அப்பவே வரல?"

"ஸ்பீக்கர்ல கோளாறுன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. உள்காது நரம்பாம். இப்படித் திடீரென்று போவது உண்டாம், காரணம் பல நேரம் தெரியாதாம். "மொத வாரத்துலயே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா திரும்பி வர வாய்ப்பு நல்லா இருந்தது. இப்பவும் குடுக்கிறேன். ஆனா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

முதல் வாரம். சால்டரை உருக்கிக்கொண்டிருந்த வாரம். பஞ்சைத் திணித்துப் பஞ்சை எடுத்த வாரம்.

திரும்பும்போது பஸ்ஸில் செல்வி என்னை ஜன்னலோரம் விடவில்லை. இடது வரிசை சீட்டாகப் பார்த்து, தானே ஜன்னலோரம் போய், என் இடது பக்கம் அமையும்படி உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மிஷின எடம் மாத்துனேன்ல. அதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீ நைட்டியப் பாருன்னு சொன்னிய."

வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதும், ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா என்று கேட்டாள்.

2-11, ஞாயிறு

வெயில். மதுரைக்காரர்கள் வந்தார்கள், ரா. அண்ணனோடு. அண்ணனிடம் காலையிலேயே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வேணாம்னு சொல்லிறட்டுமா தம்பி?" வரட்டும் என்றேன்.

ஒருவர் வங்கியில் இருந்தவர், இன்னொருவர் இன்னும் காலேஜில் வாத்தியார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், பின்பக்கம் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதையும் லேசில் நல்லது என்று சொல்லாதவர்கள். வாத்தியார் பாட்டு முடிந்ததும் எழுந்து காலண்டருக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் வைக்கலையே?"

வங்கிக்காரர்: "சார், இப்படி ஒரு சென்டர் நான் யாரு வீட்டுலயும் கேட்டதில்ல. எப்படி மேட்ச் பண்ணீங்க?"

சொன்னேன். பஞ்சின் எடை, கெப்பாசிட்டர் ஜோடி சேர்த்தது எல்லாம். நன்றாகவே சொன்னேன். வாத்தியார் என் வலது பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். செல்வி குறுக்கே வந்து, "இந்தப் பக்கம் வந்து கேளுங்க சார், ஃபேன் சத்தம்" என்றாள். ஃபேன் ஓடவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

நான் செய்ததிலேயே நல்ல பெட்டி இது. வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நான் அதைச் சரியாகக் கேட்டது ஒரே ஒரு மாலை, இல்லை, இரண்டு. ஒன்பதாம் தேதியும் வைத்தேன். அன்று அவசரமாக ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

எல்லாரும் போனபிறகு ரா. அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். என் இடது பக்கம். "நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து நானே மாத்திப் போட்டிருக்கணும்" என்றார். வேண்டாம்ணே என்றேன். அவருக்கும் இது ஒரு பாரம்.

7-11, வெள்ளி

மழை. மறுபடி ஸ்ரீவி. மறுபடி கண்ணாடி அறை. கோடு அதே இடத்தில், தாளின் அடியில். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது, பசி பேய்ப்பசி. அது ஒன்றுதான் மாத்திரை செய்த வேலை.

காது மிஷின் வைத்துக்கொள்வது பற்றி ஒரு தாள் கொடுத்தார். பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு எப்படியோ என்றார். படித்தேன். உதவாது.

வெளியே மாடசாமியைப் பார்த்தேன். பலகையைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி, பொட்டி நல்லாருந்தாச் சரி." அடுத்த ஜோடி எப்போது என்றார். பார்ப்போம் என்றேன். இனி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவைக் கேட்க முடியாதவன் எதை வைத்துச் செய்வான். மைக்கை வைத்துச் செய்யலாம். யாருக்கு?

ஆம்ப்பில் பேலன்ஸ் குமிழை வலது பக்கம் திருகிப் பார்த்தேன், கடைசிவரை. குரல் நடுவுக்கு வரவில்லை. எனக்குச் சத்தம் குறைந்ததுதான் மிச்சம். செல்வி உள்ளிருந்து, "ஏங்க, ஒரு பொட்டி நின்னுபோச்சு" என்றாள். திருப்பி வைத்தேன்.

9-11, ஞாயிறு

தூறல். பெட்டிகள் மேல் துணி போர்த்தி வைத்திருந்தேன். செல்வி துணியை எடுத்துவிட்டாள். நைட்டிக்கு வெட்டுகிற துணியாம், எனக்கு வேறு துணி கிடைக்கவில்லையா என்று சண்டை. சண்டை முடிந்ததும், "எடுத்தது எடுத்தாச்சு, பாட்டு வைங்க."

வைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான்.

அவள் என் இடது பக்கம் தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப உங்களுக்கு எங்கன நிக்கா?"

ஜன்னலைக் காட்டினேன். ஜன்னலுக்கும் இடது பெட்டிக்கும் நடுவில், சுவர் கொஞ்சம் காரை பெயர்ந்த இடம்.

"சரியா சொல்லுங்க. இன்னும் மேலயா, கீழயா?"

"அங்கதான். காரை போன எடத்துல."

எழுந்து போனாள். அடுப்படியிலிருந்து சுத்தியல், ஒரு ஆணி. ஸ்டூலைப் போட்டு ஏறி, காரை பெயர்ந்த இடத்தில் அடித்தாள். காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து அங்கே மாட்டினாள். தள்ளி நின்று பார்த்து, கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"இப்ப சரியா இருக்கா?"

முருகன் ஜன்னலோரம். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால்தான் பாடிக்கொண்டிருந்தார். சரியாக இருந்தது. செல்விக்கு இனி வெறும் சுவர்தான் பாடும். அதைச் சொன்னேன். "எனக்கென்ன, எங்கன கேட்டாலும் பாட்டுதான." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடுச்சுவருக்குப் போனாள்.

பழைய ஆணியைப் பிடுங்காதே, அப்படியே இருக்கட்டும் என்றேன். என்னவோ பதில் சொன்னாள். என் வலது பக்கம் நின்றிருந்தாள்.